எனக்கு நானே போட்ட பத்துக்குப் பத்து

உன் போன் என் மேசையில் கிடக்கிறது. கண்ணாடி மூலையில் அதே விரிசல். உறையில் இன்னும் உன் இருமல் மிட்டாய் வாசனை. காலையில் உன் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். "நீதான் கம்ப்யூட்டர் திருடனுங்களப் பத்திப் படிக்கிறியே கண்ணு, இத்தத் தொறந்து குடு. உள்ள அவன் போட்டோ கீது, கொரலு கீது."

இதைத் திறக்கப் படிப்பு எதற்கு? உன் பூட்டு எண் என் பிறந்தநாள், என்னுடையது உன் பிறந்தநாள். இதைவிட மட்டமான பாதுகாப்பு முகப்பேரிலேயே இல்லை என்று பெருமைப்பட்டவர்கள் நாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் படிப்பில் நம் முதல் வகுப்பு. இணையத்தில் தாக்குகிறவர்களின் வேலைகள் அத்தனையையும் கட்டம் கட்டமாகப் பிரித்த பெரிய அட்டவணையை சார் சுவரில் காட்டினார். "இன்னாடா இது, பஸ் டைம் டேபிளா?" என்றேன். நீ கிசுகிசுத்தாய்: "மாமே, மேல கீறது அவனுக்கு இன்னா வோணும்னு. கீழ கீறது அத்த எப்டி செய்வான்னு. அவ்ளோதான்."

கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று சொல்லி உன் பிளாக்கில் ஒரு திருடன் நுழைந்தானே, அவனை வைத்தே மிச்சத்தையும் விளக்கினாய். உள்ளே நுழைவது அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. தெரிந்த ஆள் மாதிரி நடிப்பது அதன் கீழே ஒரு கட்டம். பீரோவைத் துழாவுவது வேறு பத்தி. போகும்போது கைரேகையைத் துடைப்பதற்கும் ஓர் இடம் உண்டு.

விளையாட்டைத் தொடங்கியது நான். ஒருவருக்கொருவர் எப்போது வேண்டுமானாலும் பொய்ச் செய்தி அனுப்பலாம். வாங்கியவன் பதறக் கூடாது, போன் செய்யக் கூடாது. எந்தப் பத்தி, எந்தக் கட்டம் என்று மட்டும் பதில் எழுதி, மார்க்கையும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். உனக்கு நான் பிரின்சிபாலாக வந்தேன், தாய்மாமனாக வந்தேன். "பயன்பாடு இல்லாததால் உங்கள் மூளை இணைப்பு இன்று துண்டிக்கப்படும்" என்று கரண்ட் ஆபீசாக வந்த அன்று, சிரித்துச் சிரித்தே உனக்கு இளைப்பு வந்துவிட்டது. இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு, "கொன்னுடுவ போலக்கீதே நைனா" என்றாய்.

அந்த வியாழன் மதியம் நான் எதிர் பிளாக்கில், என் வீட்டில்தான் இருந்தேன். உன் செய்தி வந்தது. "மச்சான் மூச்சு முட்டுது. இன்ஹேலர் காலி. ஊட்ல யாரும் இல்ல. சீக்கிரம் வா."

தெரிந்த பெயர். அவசரம். யோசிக்க நேரம் தராத பேச்சு. சார் சொன்ன அடையாளம் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நான் எழுதினேன்: "உள்ளே நுழைதல். நடிப்புக் கட்டம். எனக்குப் பத்துக்குப் பத்து. அடுத்த தபா நல்லா யோசிடா."

நீ படித்துவிட்டாய் என்று போன் காட்டியது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. தோற்ற கடுப்பு என்று நினைத்து, மிச்சமிருந்த பரோட்டாவைச் சூடு பண்ணித் தின்றேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்த உன் அம்மாவின் அலறல்தான் எனக்கு அடுத்து வந்த செய்தி.

உன்னை எடுப்பதற்கு முன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா உனுக்கு எதனா மெசேஜ் போட்டானா?"

"இல்ல ஆன்ட்டி."

என் போனில் அன்றே அழித்துவிட்டேன். உன் போனில் இருக்கிறது. இப்போது அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவருக்குப் போட்டோவும் குரலும் மட்டும் மிஞ்சும். தடயம் அழித்தல். இதற்குப் பத்தியும் தெரியும், கட்டமும் தெரியும். மார்க்தான் வேண்டாம்டா.

இப்போதெல்லாம் யார் எதை அனுப்பினாலும் முதலில் போன் செய்துவிடுகிறேன். பரிசு விழுந்திருப்பதாக ஏமாற்ற வந்தவனைக்கூடக் கூப்பிட்டு, "அண்ணாத்தே, மூச்சு ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன். கெட்ட வார்த்தையில் திட்டினான். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

உன் வீட்டுக்கு முப்பது படி. போட்டோக்களைக் காட்டுவதற்கு முன்னால் அந்த மெசேஜைத் திறந்து அவரிடம் நீட்டப்போகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், இரண்டே வரிதான்.

"ஆன்ட்டி, அவன் கூப்ட்டான். நான்தான் போவல."