பின் இருக்கையின் எடை

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து ஏழு மாதம் ஆகிறது. நாம் கட்டிய இரண்டு இருக்கை விமானம் இன்னும் கானாடுகாத்தான் சாலை ஷெட்டில்தான் நிற்கிறது. மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, இறக்கை விளக்கு எரிகிறதா என்று நானே இறங்கி ஓடிப்போய்ப் பார்க்கிறேன். "எரியுது மச்சான்" என்று சொல்ல ஆளில்லை.

இரண்டு பேட்டரிகளை எங்கே வைப்பது என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? முன்னால், இன்ஜின் பக்கத்தில் என்றேன் நான். "அங்க சூடு தாங்காது மச்சான். என் சீட்டுக்குப் பின்னாடி, அங்குட்டு வையி" என்றாய் நீ. எடை போட்டுப் பார்த்தோம். பின்னால் நீயும் பேட்டரியும் இருந்தால் வால் கனத்துவிடும். உன் எழுபத்திரண்டு கிலோவால்தான் நான் ஜெயித்தேன்.

இப்போது நான் மட்டும் ஏறினால் மூக்குப் பக்கம் கனக்கிறது. பேட்டரியைப் பின்னால் மாற்ற வேண்டும். கணக்கு தெரிகிறது, கை போகவில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறையில் மணல் வாங்கி, உன் எடைக்கு இரண்டு மூட்டை கட்டி, உன் இருக்கையில் வைத்து பெல்ட்டும் போட்டேன். சக்கரங்களுக்கு அடியில் வைத்த தராசுகள் பழைய எடையையே காட்டின. அதற்கப்புறம் அந்த மூட்டைகளோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பாயா?

போன வாரம் செல்வி சாப்பாடு கொண்டுவந்தாள். உன் மனைவி, என் கூடப் பிறந்தவள். ஆனாலும் பயப்படுவாள் என்று நாம் அவளிடம் எதையும் சொன்னதில்லை, ஒருநாளும் ஷெட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பின் இருக்கையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது என்னண்ணே?"

"எடைக்கு வச்சிருக்கேன்த்தா."

"யாரு எடை?"

நான் மூட்டையின் பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன்.

"அவுக இல்லைன்னு தெனமும் வீட்டுல பழகிக்கிட்டு இருக்கேன். நீங்க மூட்டையக் கட்டி உக்கார வச்சிருக்கீக. எறக்குங்கண்ணே."

அவளே ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டையும் இறக்கி வாசலில் கொட்டினோம். சேலையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் போய்விட்டாள்.

மறுநாள் பேட்டரிகளைக் கழற்றி, நீ சொன்ன இடத்தில் பொருத்தினேன். தூரம் கூடியதால் வயரையும் தடிமனாக மாற்றினேன். எடை கச்சிதமாக நின்றது. நீ சொன்ன இடம்தான் சரி. ஆனால் நீ இல்லாததால்தான் அது சரி. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பாய்.

பறக்க அனுமதி இன்னும் வரவில்லை. வந்ததும் முதலில் செல்வியிடம்தான் சொல்வேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன், எங்கே இறங்குவேன், எதற்குப் பயப்படுகிறேன், எல்லாவற்றையும். நாம் இருவரும் சேர்ந்து அவளிடம் மறைத்ததெல்லாம் போதும். இனி மறைக்க மாட்டேன், மாப்பிள்ளை.

உன் மச்சான்,
செல்வியின் அண்ணன்