மிலாதா பிடுங்கிய பிளக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? ப்ர்னோவில் பனி கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் பேச ஆளில்லாமல் ஆய்வகத்துக்கே வந்துவிடுகிறேன்.

நாங்கள் செய்யும் ரூட்டர், இணையத்தில் பாயும் தகவலுக்கு வழிகாட்டும் பெட்டி. அதன் சிப்பை வேண்டியபடி மாற்றி அமைக்கலாம். ஆனால் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் பக்கத்திலுள்ள மெமரியிலும் எழுதிவைக்க வேண்டும். எழுதியாச்சு என்று சொல்லியிருந்தேன். எழுதவில்லை.

வியாழனன்று விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக, கூட வேலை செய்யும் மிலாதா பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்தாள். திரும்பப் போட்டால், பெட்டி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்று மேலாளர் ஹவெல்கா கத்தினார்.

"என் கைராசி அப்படி சார். காபி மெஷினே என்னைக் கண்டா நின்னுடுது" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலையே சரிசெய்துவிட்டேன். கவலைப்படாதே.

கிறிஸ்துமஸுக்குக் கசகசா ரொட்டி சுட்டால் இரண்டு அனுப்பு. ஒன்று மிலாதாவுக்கு. வெறுங்கையோடு போய் உண்மையைச் சொல்ல எனக்கு முகமில்லை. சீக்கிரம் அனுப்பம்மா. இப்போதெல்லாம் அவள் அறை விளக்கை நிறுத்துவதற்குக்கூட, "லைட்டை ஆஃப் பண்ணட்டுமா?" என்று என்னிடம் கேட்கிறாள்.

உன் வெந்தெலின்