கோடிங் இல்லாத வேலை

பாப்பா,

கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வந்துபோய் மூன்று நாளாகிறது. சேலையில் சிந்திய மெழுகு இன்னும் போகவில்லை. இன்று மடிக்கும்போது அந்த வாசனை வந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன். அக்கா பேசினால் நீளும், பொறுத்துக்கொள்.

நம் கோயில் பங்கிலேயே ஒரு வரன் வந்ததே, இண்டூர்க்காரர்கள், நினைவிருக்கிறதா? பையனுக்கும் உன்னைப்போல பெங்களூரில்தான் வேலை, கம்ப்யூட்டரில். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது காபி குடித்த டம்ளரை அவரே உள்ளே கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு நீ, "இந்தாளு பரவாலக்கா" என்றாய். ஒரு ஆம்பளையைப் பற்றி உன் வாயில் நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய அம்மா, பெண் லேபில் என்ன செய்கிறாள் என்று என்னைக் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆர்.என்.ஏ. என்று நீ சொன்னதெல்லாம் மறந்து, 'நான்-கோடிங்' மட்டும் மனதில் நின்றிருந்தது. "அவளுது கோடிங் இல்லாத வேலைங்க" என்றேன் பெருமையாக. கை வலிக்காத வேலை என்று நானே ஒன்றைச் சேர்த்தும் விட்டேன்.

ஒரே வாரத்தில் தரகர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் கோடிங் இல்லையென்றால் போன் எடுக்கிற வேலைதானாம்; டாக்டர் பட்டம் என்று ஏமாற்றப் பார்த்தோமாம். ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம். என்னவென்று திருத்துவது? உன்னைக் கேட்டால் நான் உளறியது தெரிந்துவிடும். ஆயுளில் அந்த ஒரு தடவைதான் வாயை மூடிக்கொண்டேன்.

"ரொம்பப் படிச்சிட்டன்னு பயந்துட்டாங்க போலக்கா" என்றாய். ஆமாம் என்றேன். அதன்பிறகு எந்த வரனுக்கும் நீ ஒத்துக்கொள்ளவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். உன்னிடமே சொல்லச் சொன்னார். சொல்லாமல், வருடக்கணக்காக ஜெபமாலை உருட்டினேன்.

ஆஸ்பத்திரியில், கடைசி மாதத்தில்தான் உன் வேலை என்னவென்று கேட்டேன். உடம்புக்கு வேண்டிய புரோட்டீனைச் செய்யும் குறிப்பு சில ஆர்.என்.ஏ.வில் இருக்கும், குறிப்பு இல்லாத நான்-கோடிங்கையெல்லாம் ரொம்ப நாள் குப்பை என்றே நினைத்தார்கள், அந்தக் குப்பையில் சிலதுதான் எது எப்போது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று பார்த்துக்கொள்கிறது என்றாய்.

"நம்ம கோயில்பிள்ள மாதிரியா? அவரு பூச வெக்கமாட்டாரு. ஆனா அவரு மணி அடிக்காம பூச இல்ல."

மூக்குக் குழாயோடு சிரித்தாய். "இத்தன வருசம் எங்கக்கா போயிருந்த? என் ஸ்டூடண்ட்ஸுக்கு இதயே சொல்லியிருப்பன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்த முகம் வாடிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கல்லறைத் திருநாளில் அந்த இண்டூர்ப் பையனின் அம்மாவைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரருக்கும் உன் கல்லறை வரிசையில்தான் இடம். என் தங்கச்சி கம்ப்யூட்டரில்தானே இருந்தாள் என்று கேட்டார். இல்லையென்று, குப்பையிலிருந்து கோயில்பிள்ளை வரைக்கும் சொன்னேன். மெழுகுவர்த்தி பாதி கரையும்வரை கேட்டார்.

"இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அந்தப் பொண்ணுதான் வேணும்னு எம்பையன் ஒத்தக்கால்ல நின்னான். நாந்தான் வேணாம்னுட்டேன்."

இது தெரியாமலே போய்விட்டாய். மாதாவிடம் சொல்லியனுப்ப நினைத்தேன். இதற்காவது வேறு ஆள் வேண்டாம். நீ அதிகம் படித்ததால் இல்லை, பாப்பா. அவருக்கு உன்னைப் பிடித்திருந்தது. கெடுத்தது நான்.