மூன்றாம் மாடியும் முழுநேர ஊழியமும்

நவம்பர் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்தேன். முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்து, கன்வென்ஷனில் கை தூக்கியவன் நான். இன்னும் இழுத்தடிக்கிறார். "பொறு தம்பி. இருபதாம் தேதி சென்னையில இறையியல் கல்லூரி இன்டர்வியூ. வேலையை அதுக்கப்புறம் விடு." இயேசு கூப்பிட்டவுடனே அந்த மீனவர்கள் வலையை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு யார் இன்டர்வியூ வைத்தது?

நவம்பர் 11
லிஃப்ட், லிஃப்ட், லிஃப்ட். இந்த லிஃப்ட் ரிப்பேருக்கா பி.இ. படித்தேன்?

நவம்பர் 12, புதன்
டெல்லி கரோல்பாக் அபார்ட்மென்டில் மூன்றாம் மாடி லிஃப்ட் கதவின் பூட்டு உடைந்துவிட்டது. கதவு பூட்டாவிட்டால் லிஃப்ட் நகராது, அதுதான் பாதுகாப்பு. முதலாளி சுந்தரேஷ் சாருக்குப் போன் போட்டேன். "அரே, பார்ட் வர ஒரு வாரம் ஆகும்டா. ஜம்பர் போட்டு ஓட்டு, ஜல்தி. நீதான் பாதிரியாராப் போறியே, உனக்கென்ன?"
ஜம்பர் என்பது ஒரு துண்டு ஒயர். சொருகினால், கதவு பூட்டியிருப்பதாக மெஷின் நம்பிவிடும். சொருகினேன். போகப்போகிறவன் எதற்குச் சண்டை போட வேண்டும்?

நவம்பர் 14, வெள்ளி
மெஷின் ரூமில் இருந்தேன். கீழே படாரென்று சத்தம். ஓடினேன். மூன்றாம் மாடி வைத்தி சார் வீட்டில் வேலை செய்யும் வீராயி அக்கா கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே லிஃப்ட் இல்லை. வெறும் குழி. குப்பை வாளி மட்டும் போய் விழுந்திருக்கிறது. "நானும் போயிருப்பேன் தம்பி" என்று சிரித்தார். சிரிக்கிறார்!
போகப்போகிறவனாம். கர்த்தரையே சாக்கு சொல்லிட்டேனே... சே.
ஒயரைப் பிடுங்கி, மெயினை நிறுத்திப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 15
சுந்தரேஷ் சார் கத்தினார். "கான்ட்ராக்ட் போச்சுன்னா உங்க ஏசு வந்து குடுப்பாரா?" திங்களிலிருந்து வர வேண்டாமாம். சாவியைக் கேட்டார். பார்ட் வரட்டும், நானே மாட்டித் தருகிறேன், அதுவரை சாவி கிடையாது என்றேன்.

நவம்பர் 17, திங்கள்
வைத்தி சாருக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. வீராயி அக்கா போனில் பிடித்துக்கொண்டார்: "லிப்ட நிறுத்திட்டுப் போயிட்ட. இந்த மனுசனை யாரு தூக்குறது? உங்க சாமியா?"
போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான் முன்னால், வாட்ச்மேன் பின்னால், படி வழியாகத் தூக்கி இறக்கினோம். "மெதுவாடா, நான் ஒண்ணும் ஃப்ரிட்ஜ் இல்லே" என்றார் வைத்தி சார்.

நவம்பர் 18, செவ்வாய்
பார்ட் வரவில்லை. இன்றைக்குச் சென்னை ரயில். நாளை மறுபடி டயாலிசிஸ், வாட்ச்மேனுக்கோ லீவு.
பாஸ்டருக்குப் போன் செய்து, இன்டர்வியூவுக்குப் போகவில்லை என்றேன். "அடுத்த இன்டர்வியூ ஒரு வருஷம் கழிச்சுதான் தம்பி. நல்லா யோசிச்சியா?"
யோசிக்கவில்லை.

நவம்பர் 19, புதன்
பின்பக்கம் வீராயி அக்கா பிடித்தார். "படியைப் பாத்து வைய்யி, சாமியாரே." இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி மூச்சு வாங்கினோம். வெள்ளிக்கிழமையும் வருவாயா என்று வைத்தி சார் கேட்டார்.
ஏழு மணிக்கு என்றேன்.