பூத்தொட்டிக்குக் கீழே இருந்த இரண்டு பெயர்கள்

என் அன்பு மனோவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனால் என் எழுத்துகளுக்குக் கோட்டின் மேல் மரியாதை இல்லை. ஒன்று மேலே ஏறி நிற்கிறது, ஒன்று கீழே தொங்குகிறது. ‘ஞ’ எழுதும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று நம் மகள் வதனி சொல்லிச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஊற்றி வைத்த தேநீர் இந்தப் பந்தியை எழுதி முடிப்பதற்குள் ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆறட்டும்.

இத்தனை வருடம் உன்னோடு வாழ்ந்து ஒரு வரி உனக்கு எழுதியதில்லை. கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் யாரையாவது பிடித்து எழுதுவிப்பேன். சொல்ல நினைத்ததில் பாதியை அவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தப் பாதி உனக்கு வந்து சேரவே இல்லை. இன்று நமக்கிடையில் யாரும் இல்லை. நானே எழுதுகிறேன் மனோ! இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோசம் வரலாமா?

வதனி இதைத் தமிழர் ஆண்டு மலரில் போடப்போகிறாளாம். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காக எழுதுவேன். பொறுத்துக்கொள்.

முதலில் செய்தி. பூத்தொட்டி எடுபட்டுவிட்டது.

உன்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் மனைவி மனோன்மணி, பெர்லின் நகரத்தின் நடுவில், பொன் கூரை வைத்த யூத ஜெப ஆலயத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், பழைய மாடி வீடொன்றின் படிக்கட்டுகளைப் பல வருடம் கழுவித் துடைத்தவள். அந்த வீட்டு வாசலில், நடைபாதையில், ஒருநாள் யாரோ வந்து இரண்டு சிறிய கற்களைப் பதித்துவிட்டுப் போனார்கள். கல்லின் முகம் பித்தளை. பித்தளையில் எழுத்து. வெள்ளிக்கிழமைகளில் நீ அவற்றைப் பழப்புளி போட்டுத் தேய்ப்பாய், வீட்டில் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல. யாரும் உன்னைக் கேட்கவில்லை. ஏன் தேய்க்கிறாய் என்று நான்தான் கேட்டேன்.

“பேர் எழுதியிருக்குதப்பா. முந்தி இந்த வீட்டிலை இருந்த ஆக்கள். மினுங்கினால்தான் சனம் கண்டு விலத்தி நடக்கும். எழுத்திலை கால் படக்கூடாதெல்லே.”

எனக்கு அது வெறும் கோடும் வளைவும்.

அந்த வீட்டுச் சொந்தக்காரனின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இப்போது எனக்கு யாருடைய பெயரையும் எழுத வரும். அவனுடையதை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதத் தெரிந்தவன் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் இது ஒன்று.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். முழங்கால் நோகிறது என்றாய், வாளி தூக்க நானும் வந்தேன். நீ நடைபாதையில் குந்தியிருந்து கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அவன் காரிலிருந்து இறங்கினான். உன்னைவிட எவ்வளவோ இளையவன். ஆனாலும் உன்னை ‘நீ’ என்றுதான் சொல்வான்.

“உனக்குச் சம்பளம் படிக்கட்டுக்கு. தெருவுக்கு இல்லை.”

“இது இந்த வீட்டு ஆட்களின் பெயர்,” என்றாய் உன் ஜெர்மனில்.

“என் வீட்டு ஆட்களின் பெயர் அழைப்புமணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது செத்தவர்களின் பெயர். வீடு பார்க்க வருகிறவன் முதலில் இதைப் பார்த்தால் வாடகைக்கு வருவானா? அதை நீ வேறு பளபளப்பாக்கி வைக்கிறாய்.”

நான் வாசலுக்கு உள்ளே நின்றேன். வந்த கோபத்தில் படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். கையெல்லாம் பச்சை. புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். அதைச் சொல்லும் தாள் என் மூக்குக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தது. அவன் உள்ளே வந்து அந்தத் தாளைப் பிய்த்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தான்.

“உனக்கு வாசிக்கத் தெரியாதா?”

மேல்மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் என் பச்சைக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ எழுந்து நொண்டிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாய்.

“அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை,” என்றாய்.

என் வாழ்நாளில் அதுவரை நான் கண்ணாடி போட்டதே இல்லை.

அடுத்த கிழமை உன் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அந்த வழியால் போனோம். கற்கள் இருந்த இடத்தில் கொங்கிரீட்டில் செய்த பெரிய பூத்தொட்டி. அதில் கத்தரித்த ஒரு பச்சைச் செடி. பெயர்கள் அடியில். திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், “விடுங்கோப்பா. அவனுக்கு ஆண்டவன் குடுப்பார்.”

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவன் ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி கட்டினான். உனக்கு நோய் வந்தது, நீ போனாய். அவன் செடியை மாற்றினான். ஆண்டவனுக்கு வேறு வேலைகள் இருக்கும் என்று விளங்கிக்கொண்டு நானே தொடங்கினேன்.

எங்கே தொடங்குவது? நீ போன பிறகு தபால்பெட்டிதான் என்னை முதலில் தோற்கடித்தது. உறைகள் குவிந்தன. எது மின்சாரக்காரன், எது டாக்டர் என்று தெரியவில்லை. வதனி வேலை முடிந்து களைத்து வருகிற பிள்ளை. அவளிடம் எத்தனை முறை நீட்டுவது? வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு இருக்கிறது என்றார்கள். போனேன். எல்லோரும் எங்களைப்போல வெளிநாட்டுச் சனம் என்று நினைத்தால், முதல் வரிசை வாங்கில் ஒரு ஜெர்மன்காரன் இருக்கிறான்! ஹோர்ஸ்ட் என்று பெயர். லொறி ஓட்டியவன். மலைபோல உடம்பு. அலுவலகங்களில் எழுதச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, வலது கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு போவானாம்.

“அதுவும் இல்லாவிட்டால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பேன்,” என்றான்.

வகுப்பே சிரித்தது மனோ. அங்கே இருந்த ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தை எங்கேயோ சொன்னவர்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்காக அதைச் சொன்னவளை நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மன்காரனுக்கு எழுத்து கொஞ்சம்தான். அதைப் பிடித்ததும் எனக்கு ஆசை கூடிவிட்டது. வதனியிடம் போய் நம்முடையதையும் காட்டு என்றேன். அவள் தமிழ் எழுத்துக் கட்டத்தைக் கொண்டுவந்து விரித்தாள். இருநூற்று நாற்பத்தேழு! “அப்பா, ஏலாட்டி விடுங்கோ” என்றாள். உன் மகள்தானே, அவளுக்கும் விடுங்கோ என்றுதான் வாயில் வருகிறது. நான் விடவில்லை. அதன் பலனைத்தான் நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இளவேனில் வந்ததும் எங்கள் ஆசிரியை ஆனெற் சொன்னாள், “புத்தகம் போதும். இன்றைக்குத் தெருவை வாசிப்போம்.” எங்களைக் கூட்டிக்கொண்டு போன இடம் நீ வேலை செய்த பகுதி. அது அவளுக்குத் தெரியாது.

எத்தனை முறை உன்னோடு அந்தத் தெருக்களால் நடந்திருக்கிறேன்! ஒன்றையும் கண்டதில்லை. ஒரு தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு வீடு இல்லை. பல் விழுந்த இடம்போல வெறும் புல். இரண்டு பக்கச் சுவர்களிலும், முன்பு அங்கே குடியிருந்தவர்களின் பெயரும் தொழிலும் எழுதிய பலகைகள், அவரவர் இருந்த உயரத்தில். நான் கழுத்தை நிமிர்த்தி எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதே தெருவில் ஒரு பழைய யூத மயானம். கல்லறைகளை எல்லாம் நாஜிகள் உடைத்துவிட்டார்கள். இப்போது மரமும் நிழலும், பின்னாளில் வைத்த ஒரு நினைவுக்கல்லும். அதன் தலையில் கூழாங்கற்கள். பூ வாடிவிடும், கல் வாடாது, அதனால் யூதர்கள் கல் வைப்பார்கள் என்றாள் ஆனெற். நானும் ஒன்று பொறுக்கி வைத்தேன். அந்தக் கல்லில் வேறு விதமான எழுத்து இருந்தது. “இது என்ன?” என்று கேட்டேன். “ஹீப்ரு. எனக்கும் வாசிக்கத் தெரியாது,” என்றாள். ஹோர்ஸ்ட் அவள் தோளில் தட்டினான். “அப்படியென்றால் வாருங்கள் டீச்சர், எங்கள் வகுப்பில் சேருங்கள்!”

பிறகு ஒரு வாசலில், நாஜிகள் கொண்டுபோனவர்களின் நினைவாகப் பதித்த பித்தளைக் கல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். நான் குனிந்தேன். இங்கே வசித்தார். பெயர். பிறந்த வருடம். கொண்டுபோன இடம். கடைசியில் ஒரு சொல், கொல்லப்பட்டார்.

மனோ, நம் ஆட்கள் மரண அறிவித்தலில் காலமானார் என்று போடுவோம், இறைவனடி சேர்ந்தார் என்று போடுவோம். அடித்துக் கொன்றாலும் நம்முடைய சொல் பஞ்சுபோல இருக்கும். இவர்கள் அப்படிப் போடவில்லை. நடந்ததை நடந்தபடி, அவர்களைக் கொண்டுபோன வாசலிலேயே. எனக்கு அது மிகவும் பிடித்தது. பழிவாங்கத் தெரிந்த எழுத்து என்று நினைத்தேன்.

“இன்னும் இரண்டு இருக்கிறது,” என்றேன். “வாருங்கள், நான் காட்டுகிறேன்.”

வகுப்பு முழுவதும் என் பின்னால் வந்தது. ஆசிரியையும் வந்தாள். தொட்டியைக் காட்டிக் கதையைச் சொன்னேன். ஹோர்ஸ்ட் கோட்டைக் கழற்றி மதிலில் போட்டான். நாலைந்து பேர் சேர்ந்து பிடித்தார்கள்.

“என்ன பெரியவர், உள்ளே பிணமா கிடக்கிறது, இந்தப் பாரம்!” என்று முனகினான்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரன் இறங்கி வந்தான். “என் தொட்டியை என்ன செய்கிறீர்கள்?”

“தொட்டி உங்களுடையதுதான்,” என்றாள் ஆனெற். “நடைபாதை ஊருடையது.”

தொட்டி அரக்கி ஒரு பக்கம் நகர்ந்தது. கீழே இரண்டும் கரிபோலக் கறுத்துப்போய்க் கிடந்தன. கைக்குட்டையில் துப்பி நனைத்துத் துடைத்தேன். பிறகு எழுந்து நின்று உரக்க வாசித்தேன். ஒரு தாய், பெர்த்தா. அவளுடைய மகன், லியோ. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. என்னைப்போல அவனும் அப்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்திருப்பான். குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. வேண்டியவர்கள் அங்கே நடந்து போய்க் குனிந்து வாசிக்கட்டும்.

நான் எவ்வளவு மெதுவாக வாசிப்பேன் என்று உனக்குத் தெரியாது. எழுத்து எழுத்தாக வரும். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் நிற்கும்போது அவனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போக முடியவில்லை. மெதுவாக வாசிப்பதில் இப்படி ஒரு இன்பம் இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முடித்ததும் அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், “அங்கே என்ன எழுதியிருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?”

பொய். செத்தவர்களின் பெயர் என்று உன்னிடம் சொன்ன அதே வாய்.

‘உனக்கு வாசிக்கத் தெரியாதா?’ இந்த வாக்கியத்தை அவனிடம் திருப்பிக் கொடுக்க எத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்தேன்! தெருவில் தனியாக நடக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். அந்த நேரம் வந்தபோது வாயில் வந்தது என்னுடையது இல்லை, உன்னுடையது.

“கண்ணாடி கொண்டு வரவில்லையா?” என்று கேட்டேன். ‘நீங்கள்’ போட்டுத்தான் கேட்டேன்.

ஹோர்ஸ்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டுக்காரன் என்னை உற்றுப் பார்த்தான். பச்சைக் கை அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ. பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். வேறு வழி இல்லை. நீ எனக்காக ஒருநாள் திறந்து வைத்த அதே கதவுக்குள் அவனும் நுழைந்தான்.

“ஆமாம்,” என்றான். “மேலே இருக்கிறது.”

“பரவாயில்லை,” என்றேன். “நான் வாசித்துக் காட்டுகிறேன்.”

முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

தொட்டி இப்போது பின்வளவில் குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருமுறை இழுத்துக்கொண்டு வந்து வைத்தான். ஆனெற் நகர அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள், பிறகு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் பழப்புளியோடு போகிறேன். உன் அளவுக்கு மினுக்க வரவில்லை, ஆனாலும் தூரத்திலிருந்தே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யூதர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க நடந்து வருகிற கூட்டங்கள் முன்பு அந்த வீட்டைக் கடந்து போய்விடும். இப்போது மினுக்கத்தைக் கண்டு நிற்கிறார்கள். நான் வாசிக்கிறேன். வேண்டுமென்றே மெதுவாக. ஆனால் முன்னைவிட வேகம் வந்துவிட்டது, அது ஒன்றுதான் கவலை. மேலே திரைச்சீலை அசையும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். விடுங்கோப்பா என்பாய். பெர்த்தாவையும் லியோவையும் கொண்டுபோனவன் இவன் இல்லையே என்பாய். இல்லைத்தான். கொண்டுபோனவர்கள் எப்போதோ செத்திருப்பார்கள், நல்ல கட்டிலில் படுத்து. அவர்கள் எனக்கு அகப்படவில்லை. இவன் அகப்பட்டான். பெயரின் மேல் தொட்டி வைத்தது சின்னக் குற்றமா மனோ? நீ அந்த வாசலில் குந்தியிருக்க உன்னை அப்படிப் பேசியது சின்னக் குற்றமா? நீ மன்னித்தாய், அது உன் குணம். அதை எனக்கும் சேர்த்துச் செய்துவிடாதே.

வீட்டை விற்கப்போகிறான் என்று கேள்வி. எங்கே போவான்? இந்த நகரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசலுக்கு வாசல் கல் இருக்கிறது. எனக்குக் கால் நடக்கிறது, கண் தெரிகிறது. இப்போது உண்மையாகவே கண்ணாடியும் வாங்கிவிட்டேன்.

வருகிற ஞாயிறு மழை பெய்யும் என்கிறார்கள். குடை இருக்கிறது, போவேன். அவனுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டதா என்று பார்த்து, வந்து உனக்கு எழுதுகிறேன்.

தன் பெயரைத் தானே எழுதும் உன் மனுசன்,
கந்தையா