எங்கள் கோமகனுக்கு இடத்தோளும் உண்டு

திருவும் திண்மையும் ஓங்குக. மேகங்கள் இளைப்பாறும் வெண்குன்ற நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் அண்ணல், யானைப்படை பெருக்கிய வேந்தர், மீசையழகில் ஏழு நாட்டாரும் ஒப்புக்கொண்ட முதல்வர், எம் கோமகனுக்கு மாமனாராகவிருக்கும் பெருந்தகை கொற்றங்கோ அவர்களின் திருமுன்னர், கீழ்க்கடல் நெடுங்கரை நாட்டை ஆளும் இளநாகக் கோமகனாரின் முதலமைச்சன் நன்னாகன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழையும், சுனையில் நீரும், அரண்மனையில் நகையொலியும் குறையாதிருக்க.

தாங்கள் அன்புகூர்ந்து அனுப்பிய மருத்துவர்களும், முறிவெண்ணெய்க் குடங்களும், சந்தன மரத்தில் கடைந்த இடக்கை ஒன்றும் பழுதின்றி வந்து சேர்ந்தன. கையின் வேலைப்பாடு வெகு நேர்த்தி. விரலில் மோதிரம்கூட இருந்தது. உடன் வந்த ஓலையில், கோமகனார் முற்றும் தேறும்வரை திருமணத்தை ஒத்திவைக்கலாமோ என்று மிகுந்த நயத்துடன் வினவியிருந்தீர்கள். அந்த ஓலையைக் கோமகனார் இரு கைகளாலும் பிடித்துப் படித்தார் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

எம் மன்னருக்குத் தோள் இரண்டு. பிறந்தபோதும் இரண்டு, இன்றும் இரண்டு. ஒன்று காணாமற்போன செய்தி எப்படிப் புறப்பட்டது என்பது சற்றே வெட்கக்கேடான கதை. மறைத்தால் இன்னொரு கை வந்து சேரும் என்பதால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாழைநகர்க் கோட்டையில் விடியற்காலையில் கிழக்கு வாயிலிலும், அந்தியில் மேற்கு வாயிலிலும் ஒருவர் மேடையேறி அரசரின் புகழைக் கட்டியம் கூறுவது வழக்கம். கிழக்கே கூறுபவன் வேட்டன். மேற்கே கூறுபவள் சேந்தி. கட்டியம் ஒன்றே, மேடையின் உயரம் ஒன்றே, வெயிலும் மழையும் இருவருக்கும் ஒன்றே. ஆனால் திங்கள்தோறும் அரண்மனைக் களஞ்சியம் வேட்டனுக்கு அளந்த நெல்லில் பாதிதான் சேந்திக்கு அளந்தது.

சேந்தியை வாட்டியது நெல் குறைந்தது மட்டுமன்று, அது குறைக்கப்பட்ட விதமும்தான். அளவுகாரன் பழக்கத்தில் மரக்காலை முழுதும் நிரப்பிவிடுவான். பிறகு நிற்பவள் சேந்தி என்று நினைவு வந்ததும், பாதியைக் கையாலேயே குவியலில் திரும்பத் தள்ளுவான். தன் கண்முன்னே வந்துவிட்ட நெல் திரும்பிப் போவதை அவள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றாள். சென்ற மழைக்காலத்தில் வேட்டனுக்குத் தொண்டை கட்டியது. இரண்டு வாயிலிலும் அவளே நின்று கூவினாள். அந்தத் திங்களும் அளவுகாரனின் கை பாதியைத் தள்ளியது. அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அறங்கூறு அவைக்குப் போய், ஒரே வேலைக்கு ஒரே அளவு வேண்டுமென்று வழக்குத் தொடுத்தாள்.

வழக்கு யார்மீது? அரண்மனைமீது. ஊரில் பாதிப்பேர் அதன் சோற்றை உண்பவர்கள். தீர்ப்புச் சொல்லும் அவையத்தாரும் அதே களஞ்சியத்தில் நெல் வாங்குபவர்கள். தோற்றால் மேடையும் போகலாம், அரண்மனை தந்த வீடும் போகலாம் என்று சேந்திக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனாள்.

அரண்மனைக்காக வாதாடியவர் பண்டாரத் தலைவர் எயினனார். நெல்லை விடச் சொன்னால் உயிரை விடுவது எளிது என்று எண்ணும் இயல்பினர். பெண் குரல் மெலிது, அது ஆண் குரல் போகும் தொலைவில் பாதிதான் போகும், ஆகவே பாதி அளவே முறை என்று அவர் வாதிட்டார். சாட்சியாக அழைக்கப்பட்ட வேட்டனோ, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, அவள் மேற்கே கூவினால் கிழக்கே தன் வீட்டுக் கன்றுக்குட்டி மிரள்கிறது என்று உண்மையைச் சொன்னான். அவையத்தார் நெடுநேரம் தாடியைத் தடவினர். யாருக்கும் நோகாத தீர்ப்பொன்று சொல்லவேண்டுமே என்பது அவர்கள் கவலை. முடிவில், அளவு பாதியாயிருப்பதால் சேந்தியின் பணியும் பாதி என்றே கொள்ளத்தக்கது, பாதிப் பணிக்குப் பாதி அளவு நீதியே என்று உரைத்தனர். சேந்தி கைகூப்பி, அந்தத் தீர்ப்பை முத்திரையிட்டுத் தருமாறு வேண்டினாள். அவளுடைய பணிவை எல்லாரும் மெச்சினர். அடியேனும் மெச்சினேன்.

அன்று அந்தியில் மேற்கு வாயிலில் அவள் மேடையேறி, தீர்ப்பின்படி பாதிப் பணியைச் செய்தாள். எங்கள் கட்டியத்தில் எல்லாமே இரட்டை: இரு தோள், இரு விழி, இரு திருவடி, வென்ற போரும் இரண்டு. பின்பாதியை அடியோடு விட்டால் திருவடிக்கு இழுக்காகும் என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். குன்றனைய வலத்தோளுடையார் என்றாள்; இடத்தோளைப்பற்றி மூச்சு விடவில்லை. தாமரையனைய வலவிழியுடையார் என்றாள். ஒற்றைத் திருவடியைப் போற்றி, ஒரே போரில் வெல்லவைத்து, இறங்கிப் போய்விட்டாள். எயினனார் சீறிக்கொண்டு ஓடினார். அவள் முத்திரையோலையை நீட்டி, முழுதும் கூறினால் அவையத்தை அவமதித்த குற்றம் தன்னைச் சேருமே என்று கவலையுடன் தெரிவித்தாள்.

தங்கள் நாட்டுக்குப் போகும் உப்பு வணிகர் வண்டி கட்டுவது மேற்கு வாயிலில், அந்தி நேரத்தில். போதாக்குறைக்கு அது மார்கழி. கோமகனார் பனிக்கு அஞ்சி இடப்பக்கம் மறையப் போர்வை போர்த்தித் திரிந்தார். மேலைத்தெருவார் ஒரு தோள் என்றனர், கீழைத்தெருவார் இரண்டு என்றனர், பந்தயம்கூடக் கட்டினர். கோமகனாரிடம் இதைச் சொல்லும் துணிவு எங்களில் ஒருவருக்கும் இல்லை. தங்கள் மருத்துவர்தாம் போர்வையை மெல்ல விலக்கி, உள்ளே இருந்த கையைத் தட்டிப் பார்த்து, இதைக் கடைந்த தச்சர் யாரென்று வியந்து கேட்டார்.

மறுநாள் கோமகனாரே அவையில் அமர்ந்து வழக்கை மீண்டும் எடுத்தார். அரசரின் திருமேனியைக் குறைத்தவளைப் பணியிலிருந்து நீக்கி, வீட்டையும் பறிக்கவேண்டும் என்று எயினனார் முறையிட்டார். சேந்தி முத்திரையோலையுடன் முன்னே வந்தாள். தான் பொய் எதுவும் சொல்லவில்லையென்றும், களஞ்சியம் ஒரு தோளுக்குத்தான் நெல் அளந்ததென்றும், மற்றொரு தோள் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, உரிய நெல் வந்த அன்றே ஒப்படைக்கப்படும் என்றும் விண்ணப்பித்தாள்.

பிறகு தன் சாட்சியை அவையில் வைக்க இசைவு கேட்டாள். அவள் வைத்தது தாங்கள் அனுப்பிய சந்தனக் கை. வேட்டனின் குரல் தொலைதூரம் போகும், தன் குரல் பாதிதூரம்தான் போகும் என்பது பண்டாரத் தலைவரின் வாதம். வேட்டன் நாள்தோறும் இரு தோளையும் பாடியும் வெண்குன்றத்தார் அதைக் கேட்கவில்லை. தான் பாடிய ஒற்றைத் தோள் மட்டும் மலைதாண்டிப் போய், பதிலுக்கு ஒரு கையையும் வாங்கி வந்திருக்கிறது. எந்தக் குரல் நெடுந்தூரம் போயிற்று என்பதைக் கையைப் பார்த்து அவையே முடிவு செய்யட்டும் என்றாள்.

கோமகனார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அந்த மரக்கையாலேயே வாயை மூடிக்கொண்டார். எயினனார் விடவில்லை. இவளுக்குக் கொடுத்தால் நெல் குற்றுபவளும் பூத்தொடுப்பவளும் நாளை வந்து நிற்பார்கள் என்று எச்சரித்தார். அப்படியானால் என் அரண்மனையில் பாதி அளவு வாங்கும் பெண்கள் எத்தனை பேர் என்று கோமகனார் வினவினார். அதை எண்ணும் வழக்கம் இல்லை என்று எயினனார் விடையளித்தார். அதன்பின் கோமகனார் சிரிக்கவில்லை. அவையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் எண்ணத் தோன்றியதில்லை என்பதை நினைத்துத் தலைகுனிந்திருந்தேன்.

கட்டளை அங்கேயே பிறந்தது. ஒரே பணிக்கு ஒரே அளவு. இது அரண்மனைப் பணிமகளிர் எல்லார்க்கும் பொருந்தும். சேந்திக்கு இத்தனை ஆண்டு தள்ளிய நெல் முழுவதும் திரும்பவேண்டும். அதை எயினனாரே தம் கையால் அளக்கவேண்டும். நிரம்பிய மரக்காலில் பிறகு கை படக்கூடாது. எயினனார் அளந்தார். நிரம்பிய மரக்கால் நிரம்பியபடியே தன் கூடையில் கவிழ்ந்தபோது, அவ்வளவு நேரம் கலங்காதிருந்த சேந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அன்று அந்தியில் மேற்கு வாயிலில் நிற்க இடமில்லை. வலத்தோளைப் பாடி முடித்தவள் வேண்டுமென்றே சற்று நிறுத்தினாள். பிறகு இடத்தோளைப் பாடினாள். எழுந்த ஆரவாரத்தில் கோமகனார் மாடத்தில் நின்று இடக்கையை உயர்த்திக் காட்டினார்.

ஆகவே, குறித்த பங்குனித்திங்களிலேயே திருமணம் நடந்தேற அருள்புரிய வேண்டுகிறோம். முறிவெண்ணெய் வீணாகவில்லை, அளந்து அளந்து தோள் பிடித்துக்கொண்ட எயினனாருக்கு நாள்தோறும் தேய்க்கப்படுகிறது. சந்தனக் கையைக் களஞ்சியத்தில் அளவுகாரனின் தலைக்குமேல் தொங்கவிட்டிருக்கிறோம், பொறுத்தருள்க.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மருத்துவர்களுடன் வந்திருந்த தங்கள் கட்டியக்காரி வடுகி, சேந்தியின் வீட்டில்தான் தங்கினாள். இருவரும் மிக நெருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தனர். அவள் அங்கே திரும்பியபின் உப்பு வணிகர் கொண்டுவரும் செய்தி, வெண்குன்றத்தில் தங்கள் மீசையின் வலப்பக்கம் மட்டுமே புகழப்படுகிறது என்பது. நாங்கள் நம்பவில்லை. எனினும் நல்ல நாவிதர் ஒருவரை அனுப்பிவைக்கலாமா என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். அவர் புறப்படுமுன் தாங்கள் களஞ்சியத்துக்கு ஒருமுறை எழுந்தருளி, வடுகிக்கு எவ்வளவு அளக்கிறார்கள் என்று பார்ப்பது நலம்.

இவ்வோலை கோமகனாரின் திருவாய்மொழிப்படி எழுதப்பட்டு, அவையில் படிக்கப்பட்டு, சேந்தியால் குற்றமில்லையென்று ஒப்பப்பட்டது. கணையாழி முத்திரை போதாதென்று கருதி, கோமகனார் சந்தனக் குழம்பில் தோய்த்துத் தம் இரு உள்ளங்கைகளையும் ஓலையுறையில் பதித்திருக்கிறார். எண்ணிப் பார்த்துக்கொள்க.