தொட்டால் ஒட்டாத கரப்பான்

என்னங்க,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் அத்தையும் சுகமா? தோலில் வந்த கரப்பானுக்காக நம்ம குட்டிம்மாவை வகுப்பில் தனி பெஞ்சில் உட்கார வச்சிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளலை.

பயப்படாதீங்க, எனக்கும் விரலிடுக்கில் கொஞ்சம் கரப்பான். ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவுற கை இல்லையா! தோல் டாக்டரம்மாவை லிஃப்ட் வரைக்கும் துரத்திப்போய்க் காட்டினேன்.

"எல்லார் தோலிலும் கிருமி இருக்கும்மா. தோல் பலவீனமான இடத்தில் ஒரு வகை மட்டும் பெருகி, அழற்சியைத் தூண்டிவிடும். சொறிஞ்சா புண்ணாகி இன்னும் பெருகும்."

"மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?"

"கரப்பான் தொட்டா ஒட்டாது."

அதையே சீட்டில் எழுதி வாங்கி, இதோட வச்சிருக்கேன். நாளைக்கே டீச்சர்கிட்ட காட்டி, அவளைப் பழைய இடத்தில் உட்கார வைங்க. சொறிஞ்சா திட்டாதீங்க. நகத்தை வெட்டி, குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள களிம்பு தடவுங்க. இது உங்க வம்சத்து வியாதின்னு இத்தனை நாள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க!

மருந்து தடவிச் சுத்திக்க மெல்லிய பருத்தித் துணி வேணும். குட்டிம்மாவுக்குச் சின்னதாப் போன சட்டை ஒண்ணு அனுப்புங்க. மணி அடிச்சிட்டாங்க, வேலைக்கு ஓடணும். சட்டையைத் துவைக்க வேண்டாம். அவ ஒரு நாள் போட்டுக் கழட்டினபடியே அனுப்புங்க.

உங்க
வீட்டுக்காரி